இருபத்து மூன்றால் வகுத்தபோது

6746328388800 என்ற எண்ணை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அதில் விசேஷம் எதுவும் புலப்படாது. நம் நாட்டு வழக்கப்படி அதை வாசிக்கப் புகுந்தால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதே சிரமமாயிருக்கும். சொல்லி முடித்த பிறகும், சர்க்காருடைய வரவு செலவுக் கணக்கில் வரும் தொகைகளைப் போலவும், வான சாஸ்திரிகள் கூறும் தூரங்களைப் போலவும், இது நம் அனுபவத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒரு பெருந்தொகை என்ற எண்ணமே மனத்தில் மிஞ்சும். ஆனால் இந்த ஓர் எண்ணோடு இளமை முதல் இன்றுவரை பழகி வந்திருக்கும் எனக்கு, அதன் பருமனை நினைத்து மலைப்பு உண்டான காலம் எப்போதோ போய்விட்டது. உள்ளே எத்தனை ஒழுங்கோடு அமைந்திருக்கிறது, எத்தனை பேருக்கு எத்தனை விதமாகத் தன்னைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறது என்பதை நினைக்கும்போது உண்டாகும் வியப்பு மட்டும் குறைந்தபாடில்லை.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்களை அதன் வகுத்திகள் என்கிறோம். 13 என்ற எண்ணுக்கு ஒன்றும் பதின்மூன்றும் தவிர வேறு வகுத்தி கிடையாது. அத்தகையவை பகா எண்கள். அதற்கு முந்திய 12 என்ற எண்ணுக்கோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உண்டு. பன்னிரண்டுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இவ்வாறு, தனக்கு முன்னால் வந்த எண்கள் எல்லாவற்றையும்விட அதிகமான வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு மிகு பகு எண் என்று பெயர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்குகிறது. பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலமும், அறுபது நாழிகை கொண்ட நாளும், பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் கொண்ட சுழற்சியும், 360 பாகை கொண்ட வட்டமும் இவ்வரிசையைச் சேர்ந்த எண்களையே அடிப்படையாகக் கொண்டவை என்பதை நோக்கும்போது, கணித சாஸ்திரம் இவற்றுக்குப் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அளந்து கொடுத்தும் பங்கிட்டுக் கொண்டும் வாழ்ந்த சாமானிய ஜனங்கள் இவற்றின் அருமையை அறிந்திருந்தார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

இந்த அருமை எனக்கு உறைத்தது ஒரு பாத்திரக் கடையில். 1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி நம் தேசத்தில் நயா பைசா அமலுக்கு வந்தது. அப்போது என் சித்தப்பா கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திர வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். முந்திரி, அரைக்காணி, காணி, மா என்று கீழ்வாயிலக்கங்களை இரவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிப்பார். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் போட்ட நீளமான பேரேட்டில் அவர் எழுதும் கணக்கை ஒரு தடவைக்கு மறு தடவை சரிபார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்பட்டதில்லை. அந்தப் பேரேட்டில் மூன்று பத்திகள் போய் இரண்டு பத்திகள் வந்தபோது, புதிய முறையின் சௌகரியத்தை எல்லோரும் மெச்சிக்கொண்டிருக்க, சித்தப்பா மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக்கொண்டு, "ஏண்டா, காலேஜிலே கணக்குப் படிக்கிறியே, ஒரு ரூபாயை மூணு பேருக்குச் சமமாப் பங்கு போடணும்னா இனிமே என்னடா செய்யறது?" என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, அதாவது தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, மிச்சமில்லை. நூறு காசை மூன்று பேருக்குப் பங்கிட்டாலோ ஒரு காசு நடுவில் நின்றுவிடுகிறது. 192-க்கு 14 வகுத்திகள், நூறுக்கு ஒன்பதுதான். முந்திரி என்பது 320-இல் ஒரு பாகம். அதற்கும் 14 வகுத்திகள் இருந்தும் மூன்று அவற்றில் சேராது. ஆதலால் சுவடிக் கணக்கில் கிட்டாத மூன்றிலொன்று தம்பிடிக் கணக்கில் கிட்டியது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத ஒருவர், எண்ணுக்கு எண் குணபேதம் உண்டு என்பதையும், பெரியதாயிருப்பது வேறு, பங்கிடத் தகுந்ததாயிருப்பது வேறு என்பதையும் இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தது அன்று எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

அந்தப் பாடம் மனத்தில் பசுமையாக இருந்த சமயத்தில்தான், காவிரிக் கரையிலுள்ள அரசினர் கல்லூரியில் எங்களுக்கு எண்ணியல் நடத்திய பேராசிரியர் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், கனத்த அட்டை போட்ட ஒரு கிரந்தத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் ஆகிய மூவரும் பதிப்பிக்க, 1927-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தார் வெளியிட்ட ராமானுஜனுடைய ஆராய்ச்சிக் கட்டுரைத் தொகுதி அது. ராமானுஜன் எங்கள் ஊர்ப் பிள்ளை. சாரங்கபாணி கோயில் சந்நிதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டைக் கடந்துதான் நாங்கள் தினந்தோறும் போய் வருவோம். அவர் படித்துப் பரிசுகள் பெற்ற டவுன் ஹைஸ்கூலில் எங்களில் பலர் படித்தவர்கள். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கருத்துச் செல்லாமையால் உபகாரச் சம்பளத்தை அவர் இழந்த கல்லூரியும் நாங்கள் அமர்ந்திருந்த அந்தக் கல்லூரியே. இருந்தபோதிலும் அவருடைய எழுத்து ஒன்றையாவது அதுவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. பேராசிரியர் புத்தகத்தைப் பிரித்து ஓர் அட்டவணையைக் காட்டினார். எண்களும், அவற்றின் பகாக் காரணிகளும், வகுத்திகளின் தொகையும் வரிசை வரிசையாக அச்சிடப்பட்டிருந்த அந்த அட்டவணையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட எண்கள் இருந்தன. அதன் கடைசி எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, காரணிகள் தெரியாதவாறு புத்தகத்தை மூடிக்கொண்டு, முன் வரிசையிலிருந்த என்னைப் பார்த்து, "தம்பி, இதற்கு எத்தனை வகுத்திகள் என்று கண்டு சொல்லும்" என்றார்.

பதின்மூன்று இலக்கம் கொண்ட எண்ணைக் கண்டு பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அதை எங்கள் கையில் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கரும்பலகையில் வேலை தொடங்கியதும் அந்த எண் கரையத் தொடங்கியது. முடிவில் இரண்டு பூஜ்யங்கள் இருப்பதால் நூறால் வகுத்தோம், 67463283888 நின்றது. அதைப் பதினாறால் வகுக்க 4216455243 ஆயிற்று. இனி இரட்டை இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 36, ஆகவே ஒன்பதால் போகும், மீண்டும் ஒன்பதால் போகும், 52055003. ஏழால் ஒரு முறை, இன்னொரு முறை, 1062347. பதினொன்றால் வகுக்க 96577, பதின்மூன்றால் வகுக்க 7429, பதினேழால் வகுக்க 437. அந்த 437 பத்தொன்பதையும் இருபத்து மூன்றையும் பெருக்கிய தொகை என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் உரக்கக் கூவினான். லட்சம் கோடிகளில் தொடங்கிய எண், கால் மணி நேரத்துக்குள், எந்தச் சிறுவனும் அறிந்த ஒன்பது பகா எண்களாக எங்கள் முன்னால் பிரிந்து கிடந்தது. ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொன்று. அதன் உள்ளே வேறொன்றுமில்லை.

வகுத்திகளின் தொகையை அறிவது இதன் பின் எளிது. இந்த எண்ணுக்கு ஒரு வகுத்தியை அமைக்க விரும்புகிறவன், ஆறு இரண்டுகளில் ஒன்றுமே எடுக்காமலும் இருக்கலாம், ஆறையும் எடுத்தாலும் எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். மூன்றுகளில் ஐந்து வழிகள், ஐந்துகளில் மூன்று, ஏழுகளில் மூன்று, எஞ்சிய ஐந்து பகா எண்களையும் ஏற்பதோ விடுப்பதோ என்று இவ்விரண்டு வழிகள். எல்லாவற்றையும் பெருக்கினால் 10080. சற்றேனும் சிறிய எந்த எண்ணுக்கும் பதினாயிரத்து எண்பது வகுத்திகள் கிடையாது. ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதியின்றிப் போகும். முதன்முதலில் மறுப்பது 29. கணக்கில் எல்லோரும் கொண்டாடுகிற லட்சம் கோடியை, அதாவது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யங்கள் போட்ட எண்ணை, இதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், இதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பருமனுள்ள அதற்கு வகுத்திகள் 169 மட்டுமே. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிஷங்களோ அத்தனை வகுத்திகள் நம் எண்ணுக்கு என்று பேராசிரியர் சொன்னபோது, அது தற்செயலான பொருத்தம் என்று தெரிந்திருந்தும் வகுப்பு முழுவதும் சந்தோஷத்தால் சலசலத்தது.

அன்று மாலை சித்தப்பாவிடம் இந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணாலே போகுமா?" என்று கேட்டார். "நாலு தடவை போகும், சித்தப்பா" என்றேன். அவர் முகத்தில் தோன்றிய திருப்தியைப் போன்ற ஒரு திருப்தியை, பிற்காலத்தில் பெரிய கணிதப் பட்டங்கள் பெற்றவர்களிடம்கூட நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

அந்த எண்ணில் ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று காட்டும் அடுக்குகளின் வரிசையை இன்னொரு முறை நோக்க வேண்டும். 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று அது படிப்படியாக இறங்குகிறதேயன்றி ஓரிடத்திலும் ஏறுவதில்லை. இதற்குக் காரணம் கேட்டால், கேட்கிற குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லலாம். இரண்டுகள் நான்கும் மூன்றுகள் ஆறுமாக ஓர் எண் இருப்பதாகக் கொள்வோம். அடுக்குகளை இடம் மாற்றி இரண்டுகளை ஆறாகவும் மூன்றுகளை நான்காகவும் செய்துவிட்டால் வகுத்திகளின் தொகை சற்றும் மாறாது, எண் மட்டும் சிறியதாகிவிடும். ஆகவே முன்பிருந்த எண், தன்னிலும் சிறிய ஓர் எண்ணுக்குச் சமமாக நின்றதேயன்றி மிஞ்சவில்லை என்று ஏற்பட்டு, மிகு பகு எண் என்ற பதவியை இழந்துவிடும். இதுவரை யாரும் காணலாம். ராமானுஜன் இதற்கு மேலே போனார். கடைசியில் நிற்கும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றேயாகும், 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இந்த நியதிக்கு விலக்கு என்று நிறுவினார். எண் வளர வளர, இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் ஐந்தின் அடுக்கும் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் அமையும், அடுத்தடுத்து வரும் மிகு பகு எண்களுக்கிடையே இடைவெளி எவ்வாறு இருக்கும் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தார். தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதாகத் தோன்றிய ஓர் எண் கூட்டத்துக்கு லட்சணம் வகுத்த பெருமை அவருடையது. உலகத்தார் அவருடைய பெயரோடு 1729-ஐ மட்டும் சேர்த்துச் சொல்லி, இந்த உழைப்பை நினையாமல் விடுவது எனக்கு எப்போதுமே வருத்தமாக இருந்திருக்கிறது.

உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1913-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கேம்பிரிட்ஜ் கணிதராகிய ஹார்டிக்கு முதற்கடிதம் எழுதியவர், 1914 மார்ச் மாதத்தில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் சென்று சேர்ந்து சில மாதங்கள் ஆவதற்குள் ஐரோப்பாவில் மகா யுத்தம் மூண்டது. சைவ போஜனத்துக்குத் தட்டுப்பாடும், பழகாத குளிரும், உறவினர்களைப் பிரிந்திருக்கும் துயரமுமாக இருந்த அந்த நாட்களில்தான் மிகு பகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை உருவாயிற்று. 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தாரின் வெளியீட்டில் அது பிரசுரமாயிற்று; 1916 மார்ச் மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சிக்காகவே அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எட்டாதிருந்த பட்டத்தை, சித்தப்பா போன்ற கணக்குப்பிள்ளைகள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியே அவருக்கு ஈட்டிக் கொடுத்தது என்பதை என் மாணவர்களிடம் சொல்லாமல் நான் எந்த ஆண்டும் விட்டதில்லை. யுத்த காலத்தில் அச்சங்கத்தின் நிதிநிலை நன்றாக இல்லாமையால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. கையெழுத்துப் பிரதியாகவே தங்கிப் போன அப்பகுதியை, நிக்கோலா, ரொபேன் என்ற பிரெஞ்சுக் கணிதர்கள் இருவர் குறிப்புகளோடு பதிப்பித்து 1997-இல் வெளியிட்டார்கள்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பிற்பகுதியைப் பற்றிக் கேள்விப்பட்டு இந்த எண்களை மீண்டும் எடுத்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான், இளமையில் எனக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தி தெரியவந்தது. ராமானுஜனுடைய அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. 240940299600 என்ற எண்ணுக்கும் 321253732800 என்ற எண்ணுக்கும் இடையில் நின்றிருக்க வேண்டிய 293318625600 அதில் இல்லை. கணிப்பொறி எதுவும் இல்லாத காலத்தில், பகா எண்களைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றோடொன்று எடைபோட்டு, லட்சம் கோடிகளைத் தாண்டிச் செல்லும் ஓர் அட்டவணையை ஒரு மனிதர் தொகுத்ததில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று என்பது என் உள்ளத்தில் அவர்பால் இருந்த பக்தியை எள்ளளவும் குறைக்கவில்லை. அந்த ஒன்று ஏன் ஒளிந்துகொண்டது என்று காணும் ஆவல்தான் எழுந்தது.

பழைய பேரேடு போன்ற ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இருபுறத்து எண்களையும் கல்லூரிக் கரும்பலகையில் செய்தவாறே காரணி பிரித்தேன். முந்திய எண்ணில் நான்கு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், பிறகு 7 முதல் 23 வரை ஒவ்வொன்று, வகுத்திகள் 4800. பிந்திய எண்ணில் ஆறு இரண்டுகள், மூன்று மூன்றுகள், இரண்டு ஐந்துகள், பிறகு அதே 7 முதல் 23 வரை; வகுத்திகள் 5376. இரண்டும் இருபத்து மூன்று வரை எட்டிவிட்டவை. விட்டுப்போன எண்ணோ பத்தொன்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய ஏழை இரட்டித்துக்கொள்கிறது. ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், 11, 13, 17, 19 என்பது அதன் அமைப்பு, வகுத்திகள் 5040. அதற்குப் பின் அட்டவணை முடியும் வரை வருகிற ஒவ்வோர் எண்ணிலும் இருபத்து மூன்று இருக்கிறது. ஆக, இருபத்து மூன்று இல்லாத கூட்டத்தாரில் கடைசியாக வந்து, இருபத்து மூன்று உள்ள புதிய கூட்டத்தாரின் நடுவே நிற்கிற எண் அது. பார்வை முழுவதும் புதிய கூட்டத்தார்மேல் சென்ற வேளையில் அது தப்பிப் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

காரணிகளை எழுதி முடித்துக் கண்ணை ஓட்டியபோது, இந்த வரிசையை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6746328388800-ஐ எடுத்து இருபத்து மூன்றால் வகுத்தேன். 67-இல் இரண்டு முறை, மீதி 21. 214-இல் ஒன்பது முறை, மீதி 7. 76-இல் மூன்று முறை, மீதி 7. 73-இல் மூன்று முறை, மீதி 4. இவ்வாறு இறங்கிக்கொண்டே வந்து ஈவு 293318625600 என்று முடிந்தது, மீதி பூஜ்யம். விட்டுப்போன எண்ணை இருபத்து மூன்றால் பெருக்கினால் ராமானுஜன் கடைசியாக எழுதிய எண் கிடைக்கிறது! அட்டவணையில் இடம் பெறாத அந்த எண், அட்டவணையின் கடைசி எண்ணுக்குள், முழுமையாக, ஒரு காரணியும் குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. வகுத்திகளின் தொகையும் 5040-லிருந்து சரியாக இரட்டித்து 10080 ஆகிறது. அந்த 5040 ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் என்பதற்காகவே கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தமது லட்சிய நகரத்துக்கு அத்தனை குடிமக்கள் வேண்டுமென்று விதித்தார். அதுவும் ஒரு மிகு பகு எண், அதன் இரட்டிப்பாகிய 10080-உம் அவ்வாறே.

இவற்றையெல்லாம் பேச இப்போது சித்தப்பா இல்லை. பேராசிரியரும் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் கணக்குக் கேட்க வருகிறார்கள். அவர்களிடம் இந்த எண்ணைக் கொடுத்து, ராமானுஜன் நிறுத்திய இடத்துக்கு அடுத்த மிகு பகு எண் எது என்று கேட்கிறேன். இதற்குச் சுலபமான சூத்திரம் எதுவும் கிடையாது. ஒரு காரணியை எடுத்து வேறொன்றை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள், ஏழைக் குறைத்துப் பார்க்கிறார்கள், இருபத்தொன்பதைப் புதிதாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இரண்டு இரண்டுகளை வைத்தால் எட்டு இரண்டுகளும் மூன்று மூன்றுகளுமாக 8995104518400 வருகிறது; அதற்கு வகுத்திகள் 10368. விடை இதுதான். இடையில் உள்ள எண் எதுவும் 10080-ஐ ஏன் மிஞ்சாது என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் இப்போது அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.